இரவு நன்றாகத் தூங்கினாள்

ஜூன் 5, திங்கள்

துளசிமணி இரவு நன்றாகத் தூங்கினாள். விடிந்ததும் முதல் மாத்திரை கொடுத்தேன். இட்லி சாப்பிட்டாள்.

தினமும் இப்படி எழுதிவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர் மெர்லின். வீட்டில் என் மனைவி எப்படி நடக்கிறாள், எப்படிச் சாப்பிடுகிறாள், எப்படித் தூங்குகிறாள் என்று தெரிந்தால் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வசதியாக இருக்குமாம். எல்.ஐ.சி. ஏஜெண்ட் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. போன மாதங்களின் தாள்களைத் தள்ளிவிட்டு இன்றைய தேதியில் தொடங்குகிறேன். மில்லில் மேஸ்திரியாக இருந்தபோது ஷிப்ட் முடிவில் ரிப்போர்ட் எழுதிய கை இது. அறுந்த நூல், நின்ற மெஷின், வராத ஆள், அவ்வளவுதான் அதில் இருக்கும். இதையும் அப்படியே எழுதிவிடலாம்.

பார்க்கின்சன் நோய் என்று சொல்லி ஐந்தாவது வருடம் நடக்கிறது. வலது கையின் நடுக்கத்தில் தொடங்கியது. இப்போது நடுக்கத்தைவிட இறுக்கம்தான் தொல்லை. மாத்திரை உள்ளே போய் முக்கால் மணி நேரத்தில் உடம்பு இளகும். எழுந்து நடப்பாள், வெங்காயம் உரிப்பாள். அதன் வேகம் தீரத் தீர மறுபடி இறுகும். கரண்ட் போனால் மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேம் உடனே நிற்காது. சுற்றிச் சுற்றித் தளர்ந்து நிற்கும். அப்படித்தான் நிற்பாள். முகமும் அசைவற்றுப் போய்விட்டது. சிரிப்போ கோபமோ அதில் தெரிவதில்லை. குரலும் சிறுத்துவிட்டது. அதனால் டாக்டரிடம் நான்தான் பேசுகிறேன்.

குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்தது. எல்லாக் குடத்தையும் நிரப்பினேன்.

ஜூன் 8, வியாழன்

நன்றாகத் தூங்கினாள். வயிறு சரியாகப் போகவில்லை. கொய்யாப்பழம் வாங்க வேண்டும்.

ஜூன் 11, ஞாயிறு

திருப்பூரிலிருந்து சுகந்தி வந்தாள். பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். ஞாயிறு ஒரு நாள்தான் அவளுக்கு ஓய்வு. உள்ளே நுழையும்போதே, தெருமுனை வரைக்கும் நம் வீட்டு டிவி செய்தி வாசிக்கிறது, கேபிளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் வசூல் பண்ணுங்கள் என்றாள். மகள் கிண்டல் செய்தால் கோபம் வருவதில்லை.

மதியம் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து சுகந்தி கரண்டியோடு ஓடிவந்தாள். அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்கிறீர்கள் என்று என்னைக் கேட்டாள். துளசிமணி கூப்பிடவில்லை என்றேன். கூப்பிட்டாள் என்றாள் அவள். துளசிமணியின் முகத்தைப் பார்த்தேன். கூப்பிட்ட முகமாகவும் இல்லை, கூப்பிடாத முகமாகவும் இல்லை.

எனக்குக் காதில் குறை ஒன்றும் இல்லை. ரிங் பிரேம் ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்போம். அதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. "ஆறுச்சாமி மேஸ்திரியத் திட்டறதுன்னா வாய மூடிக்கிட்டுத் திட்டோணும்" என்று கூடத்தில் ஒரு பேச்சே இருந்தது. அத்தனை இரைச்சலில் வேலை வாங்கியவனுக்கு வீட்டுக்குள் பேசுவது கேட்காமல் போகுமா? இந்தக் காலத்தில் ஆட்கள்தான் வாயைத் திறந்து பேசுவதில்லை. டாக்டர் மெர்லினையே எடுத்துக்கொண்டால், கொரோனா போய் இத்தனை நாளாகியும் முகக்கவசத்தைக் கழற்றாமல்தான் பேசுகிறார்.

கிளம்பும்போது சுகந்தி விஷயத்துக்கு வந்தாள். அம்மாவைத் திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன், பகலுக்கும் ராத்திரிக்கும் ஆள் வைத்துக்கொள்ளலாம் என்கிறாள். அங்கே அவள் மாமனார் மாமியார் இருக்கிறார்கள். இருக்கிற இரண்டு அறையில் நான் எங்கே போய்ப் படுப்பது? நான் வரமாட்டேன் என்பது அவளுக்கும் தெரியும். அம்மா நன்றாக இருக்கிறாள் என்று டாக்டர் சொன்னால் இங்கேயே இருக்கட்டும், இல்லையென்றால் கூட்டிக்கொண்டு போவேன் என்றாள்.

அவள் போனபின் துளசிமணியிடம் கேட்டேன். திருப்பூர் போகிறாயா என்று. உதடு அசைந்ததாகத் தெரியவில்லை. போக விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 15, வியாழன்

நன்றாகத் தூங்கினாள்.

பூஜை அலமாரியில் மணியைக் காணோம். தேடினால் அவள் தலையணைக்கு அடியில் இருக்கிறது. பகலில் நடக்க முடிந்த நேரத்தில் எடுத்துக்கொண்டுபோய் வைத்திருக்கிறாள். இந்த நோயில் சிலருக்குப் புத்தி தடுமாறும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். சாமி மணியைப் படுக்கையில் வைப்பாளா? எடுத்து அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இதை டாக்டரிடம் சொல்லப்போவதில்லை. சொன்னால் சுகந்திக்குத் தெரிந்துவிடும்.

ஜூன் 20, செவ்வாய்

காலையில் படுக்கை விரிப்பு நனைந்திருந்தது. பக்கத்து ஸ்டூலில் வைத்த சொம்பு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. கை பட்டுத் தண்ணீர் கொட்டியிருக்கும். விரிப்பைத் துவைத்துப் போட்டேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்றபடி நன்றாகத் தூங்கினாள்.

ஜூன் 23, வெள்ளி

மறுபடியும் விரிப்பு. இனிமேல் சொம்பைப் பக்கத்தில் வைப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

ஜூலை 1, சனி

இன்று டாக்டரைப் பார்க்கும் நாள். நல்லபடியாக முடிந்தது.

இதில் நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். மாத்திரையின் வேகம் உச்சத்தில் இருக்கும்போது டாக்டர் அறைக்குள் அவள் நடந்து போக வேண்டும். வீட்டிலேயே கொடுத்துவிட்டால் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும்போதே வேகம் தீர்ந்துவிடும். அதனால் அந்த வேளை மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். டோக்கன் எழுதும் பெண்ணிடம் உள்ளே எத்தனாவது ஆள் போகிறார் என்று விசாரித்துக்கொண்டே இருப்பேன். நம் முறைக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது கொடுத்தால் கணக்குச் சரியாக இருக்கும். மில்லைப் பார்வையிட முதலாளி வருகிற அன்று நல்ல பஞ்சாகப் பார்த்துப் போட்டு ஓட்டுவோம். ஒரு நூல் அறாது. அதே வேலைதான் இதுவும்.

பச்சைச் சேலை கட்டிவிட்டேன். கையைப் பிடிக்காமலே உள்ளே நடந்தாள். டாக்டருக்குச் சந்தோஷம். விரல்களைத் தட்டச் சொன்னார், எழுந்து உட்காரச் சொன்னார். எல்லாம் செய்தாள். பிறகு அவளைப் பார்த்து ஏதோ கேட்டார். முகக்கவசத்துக்குள் என்ன கேட்டிருப்பார் என்று தெரியும், எப்போதும் கேட்பதுதான். நான் டைரியைத் திறந்து வாசித்தேன். நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். வாசித்து முடித்தபோது துளசிமணியின் கை என் முழங்கையில் இருந்தது. நடுக்கமாக இருக்கும். டாக்டர் இன்னும் ஏதோ சொன்னார். சரிங்க டாக்டர் என்றேன். அதே மருந்து, ஒரு மாதம் கழித்து வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வெளியே பேக்கரியில் அவளுக்குத் தேங்காய் பன்னும் டீயும் வாங்கினேன். இருவரும் ஜெயித்துவிட்டு வந்த மாதிரி எனக்கு இருந்தது. பன்னை அவள் தொடவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

சுகந்திக்குப் போன் செய்து டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அம்மாவிடம் கொடுங்கள் என்று வழக்கம்போல் கத்தினாள். கொடுத்தேன். துளசிமணி போனைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். என்ன பேசினார்களோ, இந்தப் பக்கம் எனக்கு எதுவும் தெரியவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

சூலூரில் கிரகப்பிரவேசம். துளசிமணியின் பெரியப்பா மகள் ராஜாத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவளுக்கு எங்கள் மேல் என்ன வருத்தம், எதிரில் வந்து நின்றாலும் மூஞ்சியைக் கல் மாதிரி வைத்துக்கொள்கிறாளே என்று கேட்டாள். நோய்க்கு முகம் அப்படித்தான் இருக்கும், உள்ளே ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்று விளக்கினேன். "உள்ள இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா?" என்றாள்.

நல்ல கேள்விதான். இந்த வீட்டில் நாற்பது வருடமாக அவள் முகத்தைப் பார்த்தே எல்லாம் நடந்தது. தூரத்தில் நின்று உதட்டை லேசாகச் சுழித்தால் போதும், சாம்பாருக்கு உப்புப் போதவில்லையா, என் தம்பி வந்து பணம் கேட்டானா என்று தெரிந்துவிடும். இப்போது அதில் படிக்க ஒன்றும் இல்லை. வெற்றுத் தாள்.

ஜூலை 10, திங்கள்

நன்றாகத் தூங்கினாள். விரிப்புத் துவைத்தேன். சொம்பு இல்லாமலேயே நனைந்திருந்தது. வேர்வையாக இருக்கலாம்.

ஜூலை 16, ஞாயிறு

சுகந்தி அம்மாவுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டாள். வெளியே வந்தவள் முகம் சரியில்லை. தோளுக்குக் கீழே ஒரே பக்கமாகத் தோல் சிவந்து கன்றிப்போயிருக்கிறதாம். ராத்திரி முழுவதும் புரண்டே படுப்பதில்லையா, அம்மாவைக் கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள் என்றாள். நான் நன்றாகத் தூங்குகிறாள் என்றேன். எத்தனை முறை எழுந்து பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். ஒரே அறையில்தானே படுக்கிறோம், ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடமாட்டாளா என்றேன்.

சுகந்தி ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டாள். அடுத்த முறை டாக்டரிடம் நானும் வருகிறேன் என்றாள். அம்மாவின் துணிமணி எந்தப் பீரோவில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

நாளை சுகந்தி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறாள். துளசிமணியிடம் சொன்னேன்: "அம்மணி, நாளைக்கு நல்லா நடந்து காட்டோணும். இல்லைன்னா உன்னைத் திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க." அவள் என்னையே பார்த்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் இரண்டு நடை நடக்க வைத்தேன். நன்றாகவே நடந்தாள்.

ஆகஸ்ட் 5, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டோக்கன் பெண்ணிடம் விசாரித்து, வழக்கமான கணக்கில் மாத்திரையை எடுத்துத் துளசிமணியின் உள்ளங்கையில் வைத்தேன். சுகந்தி இன்னும் வந்திருக்கவில்லை. வராந்தாக் கோடியில் குழாய். தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். வாயில் போட்டுக்கொண்டாயா என்று கேட்டேன். தலையை அசைத்தாள். தண்ணீர் குடித்தாள்.

எங்கள் முறை வந்தபோது அவளால் எழ முடியவில்லை. சுகந்தியும் நானும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். அறை வாசலில் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. உள்ளே டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். இன்றைக்கு மட்டும்தான் இப்படி, நேற்றுக்கூட நன்றாக நடந்தாள் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன்.

மாத்திரை எப்போது கொடுத்தது என்று டாக்டர் கேட்டிருக்கிறார். எனக்குப் பிடிபடவில்லை, சுகந்தி திருப்பிச் சொன்னாள். வழக்கம்போல் டோக்கன் பார்த்துக் கொடுத்தேன் என்றேன். அது என்ன டோக்கன் பார்த்துக் கொடுப்பது என்று டாக்டர் கேட்பதாகச் சுகந்தி சொன்னாள். என் வழியை விளக்கினேன். ஒவ்வொரு முறையும் இப்படித்தான் கொண்டுவந்தேன் என்பதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். டாக்டர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். சுகந்தி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு டாக்டர் தன் நாற்காலியை இழுத்துத் துளசிமணிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். ஏதோ கேட்டார். நான் டைரியைத் திறந்து, தூக்கத்துக்குக் குறைவில்லை என்று தொடங்கினேன். டாக்டர் என் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தினார். நிறுத்தினேன்.

வெளியே அடுத்த ஆள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். நானாக இருந்தால் அதற்குள் ஐந்து பதில் சொல்லியிருப்பேன். டாக்டர் அசையவே இல்லை. துளசிமணியின் தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. உதடு, மூடாத கதவு மாதிரி, கொஞ்சம் திறந்து அப்படியே இருந்தது. அவள் பேசுகிறாள் என்பதே டாக்டர் தலையாட்டுவதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. மேஜையைத் தாண்டி நின்ற சுகந்திக்கும் கேட்டிருக்கிறது. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில், துளசிமணியின் தோள் என் தோளில் இடிக்க உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

என்னம்மா சொல்கிறாள் என்று சுகந்தியைக் கேட்டேன். அப்போதுதான் டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து எனக்குப் பின்னால் போனார். எதற்குப் போகிறார் என்று தெரியாமல் நான் எதிரே மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று என் பெயரைக் கேட்டாராம், ஊரைக் கேட்டாராம். சுகந்தி பிறகு சொன்னாள்.

திரும்பி வந்து எனக்கு நேராக உட்கார்ந்து முகக்கவசத்தைக் கழற்றினார். அவர் வாயை இன்றுதான் பார்க்கிறேன். மெதுவாகச் சொன்னார்.

"ராத்திரி அவங்களால புரண்டு படுக்க முடியறதில்லை. உங்களைக் கூப்பிடறாங்க. மணி அடிச்சிருக்காங்க. சொம்பைத் தள்ளி விட்டிருக்காங்க. நீங்க எந்திரிக்கலை. பாத்ரூம் போகணும்னா..."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. விரிப்பைத் துவைத்தவன் நான்.

சுகந்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கிளம்பும்மா, இப்படியே திருப்பூர் போகலாம் என்றாள். என்னைப் பார்க்கவில்லை. நானும் டைரியை மூடிப் பையில் வைத்தேன். மாத்திரை வேலை செய்யாமல் போனதால் எல்லாம் போயிற்று என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

துளசிமணி மறுபடி பேசினாள். டாக்டர் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. என் பக்கம் திரும்பி, அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொன்னார்.

"திருப்பூர் போகலையாம். 'எனக்கு இருக்கட்டுங்க. இவருக்குக் காது கேக்கறதில்லை. அதைப் பாருங்க'ன்னு சொல்றாங்க."

ராத்திரிக்கு மெதுவாகக் கரைகிற மாத்திரை ஒன்று சேர்த்து எழுதினார். விரிப்பின் மேல் இடுப்பு படுகிற இடத்தில் வழுக்கலான துணி போட்டால் புரள்வது சுலபம் என்றார். என் காதுக்குத் தனியாகச் சீட்டு எழுதினார். வாசல்வரை வந்து, இனிமேல் ஜோடித்துக் கூட்டிவராதீர்கள், வீட்டில் எப்படி இருக்கிறார்களோ அப்படியே வரட்டும் என்றார். சுகந்திக்கு மனசில்லை. ஒரு மாதம் பார்க்கிறேன் என்று சொல்லித் திருப்பூர் பஸ் ஏறினாள்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

நேற்றுக் கட்டிய சேலையை ஊறவைக்கப் போனேன். முந்தானையில் ஒரு முடிச்சு. அவிழ்த்தால் மாத்திரை. நடுங்கும் விரலால் எப்படித்தான் முடிச்சுப் போட்டாளோ. நான் குழாய்க்குப் போய் வந்த நேரத்தில் போட்டிருக்கிறாள்.

மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். அவள் உடம்பு இளகுகிற நேரம் வரட்டும் என்று காத்திருந்து, நாற்காலியை அவளுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்து மாத்திரையைக் காட்டினேன். ஏன் என்று கேட்டேன்.

பதில் வர நேரமானது. இடையில் பேசிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் வைத்திருந்தேன். பொங்கி வழிகிற வாசனை வந்தது. எழுந்திருக்கவில்லை. தொண்டை அசைந்ததும் என் காதை அவள் வாயோடு வைத்தேன்.

"நல்லா இருக்கறப்பப் பாத்து, டாக்டருக்கு என்னங்க தெரியும்?"

இதை என்னிடமே சொல்லியிருக்கலாமே அம்மணி என்றேன். இதற்குப் பதில் உடனே வந்தது.

"சொன்னனுங்க."

அடுப்பைத் துடைக்க வெகுநேரம் பிடித்தது.

ஆகஸ்ட் 9, புதன்

காது பரிசோதனை. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். சும்மா உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. அவ்வப்போது கேட்டது, அமுக்கினேன். முடிந்ததும் அந்தப் பெண் ஒரு படத்தைக் காட்டினாள். கோடு ஒரு பக்கம் கொஞ்ச தூரம் ஓடி, பிறகு கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இறங்குகிறது. கனத்த சத்தம் கொஞ்சம் கேட்கும், மணிச் சத்தம் மாதிரி மெல்லியது போய்விட்டது, மில்லில் வேலை பார்த்தீர்களா என்று அவளே கேட்டாள். எப்படித் தெரியும் என்றேன். இந்த ஊரில் இந்தக் கோடு நிறையப் பேருக்கு இருக்கிறதாம்.

இத்தனை நாள் எப்படிச் சமாளித்தீர்கள் என்றாள். உதட்டைப் பார்த்து என்றேன். வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்டாள். துளசிமணியின் உதடு நிற்கும்வரை கண்டுபிடிக்க வழி இல்லை என்று சொல்ல நினைத்தேன். இல்லை என்று மட்டும் சொன்னேன்.

கருவி வர இரண்டு வாரம் ஆகும். தூங்கும்போது அதைக் கழற்றிவிட வேண்டுமாம். அப்படியானால் ராத்திரிக்கு அது உதவாது.

ஆகஸ்ட் 10, வியாழன்

வழுக்கலான துணிக்காகப் பீரோவைத் திறந்தேன். நைலக்ஸ் சேலைகள் அடியில் இருந்தன. மஞ்சளை எடுத்தேன். துளசிமணி விரலால் நீலத்தைக் காட்டினாள். நீலத்தைக் கட்டில் அகலத்துக்கு மடித்துப் போட்டு, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகினேன். படுக்கவைத்துப் பார்த்தால் நான் லேசாகத் தள்ளினாலே திரும்புகிறாள்.

ராத்திரிக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மணி வைத்தாயிற்று, சொம்பு வைத்தாயிற்று, எல்லாம் அவள் செய்து பார்த்ததுதான். சத்தத்தை நம்பிப் பிரயோஜனமில்லை. துளசிமணி தன் பாவாடை நாடாவைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். அவிழ்ந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டி, என் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்புறம்தான் புரிந்தது.

தையல்காரரிடம் புது நாடா வாங்கி வந்தேன். ஒரு நுனி அவள் கையில் தளர்வாக, மறு நுனி என் கையில் இறுக்கமாக. கட்டிக்கொண்டு படுத்தோம்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

நாடா இழுபடவே இல்லை. காலையில் அவள் படுத்த இடத்திலேயே, வைத்தபடியே கிடந்தாள். விரிப்பு காய்ந்திருந்தது, அதற்காக அவள் எத்தனை நேரம் அடக்கிக்கொண்டு கிடந்தாளோ. ஏன் இழுக்கவில்லை என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

"நல்லாத் தூங்கிட்டிருந்தீங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. நான் தூங்குவது உனக்கு எப்படித் தெரியும், இருட்டில் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாயா என்று சத்தம் போட்டேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். துளசிமணியின் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முகத்தைப் பார்த்துத் தெரியவில்லை. காதை அருகில் கொண்டுபோனேன். சிரிப்புத்தான்.

இன்றைக்கு நாடாவைக் குட்டையாகக் கட்டியிருக்கிறேன். புரண்டால் எனக்கே தெரியும்.

ஆகஸ்ட் 12, சனி

சுகந்தி போன் செய்தாள். அம்மா தூங்கினாளா என்று கேட்டாள். அம்மாவையே கேள் என்று போனைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

இரவு நன்றாகத் தூங்கவில்லை.

முதலில் நாடா இழுத்தபோது கனவில் யாரோ கையைப் பிடிப்பது போல் இருந்தது. மறுபடி இழுத்தது. எழுந்து அவளைச் சுவர்ப்பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை வைத்தேன். பிறகு ஒருமுறை பாத்ரூம். நீலச் சேலை நழுவியிருந்தது; சரிசெய்து படுக்க வைத்தேன்.

கண் அசந்த நேரத்தில் மூன்றாவது தடவை. விளக்கைப் போட்டேன். நேராகத்தான் படுத்திருந்தாள். விரிப்பு நனையவில்லை. கால் மரத்துவிட்டதா என்று கேட்டேன், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். இரண்டுக்கும் தலையாட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, குனிந்து, காதை வைத்துக் காத்திருந்தேன்.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள். "அந்தப் பக்கம் கட்டியிருக்குதான்னு பாத்தேன்."